வெந்நீரூற்று மகிமை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். ஈப்போவிலும் அதனைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களிலும் வாழுகின்ற நம் மக்களிடையே ஒரு பேச்சு கிளம்பிவிடுகின்றது. "ஊற்றுக்குப் போய் வந்தீர்களா?" என்பதே அப்பேச்சு. உடனே வேன் பேசப்படுகின்றது, தலைக்கு இவ்வளவென்று பணம் வசூலாகின்றது, புளிச்சோறு கட்டப்படுகின்றது, கிழவர் முதல் கைக்குழந்தை வரை ஒரு பட்டாளம் புறப்படுகின்றது. தம்பூனுக்கு ஒரு கூட்டம், சுங்காய்க்குப் பக்கத்திலுள்ள சுங்கை கிளாவுக்கு ஒரு கூட்டம், உலு சிலிமுக்கு ஒரு கூட்டம் என்று பேராக் மாநிலத்தின் வெந்நீரூற்றுகளுக்கு யாத்திரை நடக்கின்றது.

குளிக்கப் போகின்றவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு மனைவி மக்களோடு சிரித்திருப்பதைப் பாவம் என்று சொல்ல நாம் சந்நியாசிகளல்ல. வெந்நீர் உடம்புக்கு இதமானது. பிடித்துக்கொண்ட தசையை இளக்குகின்றது. மூட்டு நோவைச் சிறிது நேரம் தணிக்கின்றது. இதனை எந்த வைத்தியரும் மறுக்கமாட்டார். ஆனால் இதமளிக்கும் வெந்நீரை வியாதி தீர்க்கும் தீர்த்தமாக்கி, அத்தீர்த்தத்தை நம்பி மருந்தைக் கைவிடும்படி பாமர ஜனங்களுக்குப் போதிக்கின்ற கூட்டம் ஒன்று நம்மிடையே வளர்ந்து வருகின்றதே, அதனைத்தான் கண்டிக்கப் புறப்பட்டிருக்கின்றோம். கண்டிப்பதற்குக் காரணமும் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு நாள் நாமும் அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றோடு ஓர் ஊற்றுக்குச் சென்றிருந்தோம். ஊற்றின் பெயரும் ஊரின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. வேனில் நமக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியார் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம் என்று சுற்றிய கால்கள் அவை. இனிப்பு நீர் வியாதி அவருக்குப் பத்து வருஷமாக உண்டு. ஏழு வெள்ளிக்கிழமை வெந்நீரில் கால் வைத்து, வேப்பிலையால் தலையில் தெளித்துக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடுமென்று யாரோ ஒரு பூசாரி சொல்லியிருந்தார். அன்று ஐந்தாம் வெள்ளி. முதல் வெள்ளியோடு மாத்திரைகளை நிறுத்திவிட்டதாகவும் பாட்டியாரே பெருமையோடு சொன்னார்.

எல்லோரும் கால் வைத்து 'அப்பா' என்று எடுத்துவிட்ட தொட்டியில் அந்த அம்மையார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாம் பதறிப்போய், "பாட்டி, சுடவில்லையா? காலை எடுங்கள்" என்றோம். "சுடவே இல்லையே தம்பி. போன வாரமும் சுடவில்லை. எல்லாம் ஆத்தாளின் கிருபை" என்றார்.

கிருபையல்ல, வாசகர்களே! நீடித்த இனிப்பு நீர் வியாதி கால் நரம்புகளை மரக்கச் செய்திருந்தது. தீயைத் தீயென்று சொல்லும் தூதன் செத்துப்போயிருந்தான். மறுநாள் கால் முழுவதும் கொப்புளம். பத்து நாளில் புண். ஒரு மாதத்திற்குள் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வியாதியின் அடையாளத்தையே தெய்வத்தின் அடையாளமாகக் கொண்டாடச் சொல்லிக்கொடுத்த அறிவை என்னவென்று சொல்லுவது?

இது ஏதோ ஒரு கிழவியின் கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2019ஆம் ஆண்டு மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி இந்நாட்டில் 18 வயது நிரம்பியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31.4. அதாவது, ஊற்றுக்குப் போகின்ற நம் வேனில் பெரியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அவர்களில் மூவருக்கு இவ்வியாதி இருக்கக்கூடும். இவர்களில் நரம்பு மரத்தவர்கள் வெந்நீரின் சூட்டை அறியமாட்டார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சூட்டில் ஊறுகின்றவர்களுக்கு மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து மயக்கம் வரவும் கூடும். ஆக, நம் சமூகத்தில் எவருக்கு ஊற்று மகிமை அதிகமாக உபதேசிக்கப்படுகின்றதோ, அவருக்கே அது அதிக அபாயமானது.

நிற்க, இந்த மகிமைதான் என்ன? தண்ணீர் ஏன் சுடுகின்றது? நம் புராணிகரைக் கேட்டால் ஒரு முனிவர் தவம் செய்தார் என்பார். அல்லது பூமிக்குள் ஒரு நாகம் மூச்சு விடுகின்றது என்பார். படித்தவர்களிற் சிலர் எரிமலை என்று சொல்லி மேதாவிகளாக நினைத்துக்கொள்ளுகின்றனர். பேராக்கில் முனிவரும் இல்லை, நாகமும் இல்லை, எரிமலையும் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே நெடுமலைத்தொடர் நிற்கின்றது. அது பெரும்பாலும் கருங்கல். அம்மலைமேல் பெய்யும் மழை கல்லின் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை சூடு ஏறுவது இயல்பு. இக்கருங்கல்லில் கலந்துள்ள யுரேனியம், தோரியம் முதலிய பொருள்கள் சிறிது சிறிதாகச் சிதைந்து தாமும் வெப்பம் தருகின்றன. அவ்வாறு சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைக் கண்டுபிடித்து மேலே வருகின்றது. விரைந்து வந்தால் உலு சிலிமில் போலக் கொதிநிலையை ஒட்டி நிற்கின்றது. மெதுவாக, குளிர்ந்த நீரோடு கலந்து வந்தால் கால் வைக்கும் பதத்தில் வருகின்றது. அதில் வீசும் அழுகிய முட்டை நாற்றம் கந்தகம் கலந்த வாயுவின் நாற்றம். அவ்வளவே.

இந்த உண்மை புராணத்தைவிடச் சிறியதா? எந்தக் காலத்திலோ பெய்த மழை மலையின் வயிற்றுக்குள் போய், யாருடைய கட்டளையும் இல்லாமல், யாருடைய ஜாதியும் கேட்காமல், சூடேறி வெளியே வந்து எல்லோர் காலையும் ஒன்றுபோல் கழுவுகின்றது என்பதைவிட அதிசயம் வேறென்ன வேண்டும்? அறிந்து அதிசயிப்பதை விட்டு, அறியாமல் கும்பிடுவதில் என்ன பெருமை?

ஜாதி என்றதும் பெரியவர் ஒருவர் நமக்குச் சொன்னது நினைவுக்கு வருகின்றது. வேலி இல்லாத பழைய காலத்தில் அவருடைய தோட்டத்து ஜனங்கள் பக்கத்துக் காட்டிலிருந்த ஊற்றுக்கு ஞாயிறுதோறும் நடந்து போவார்களாம். லயத்தில் ஜாதிக்கொரு வரிசை என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. மேல் ஜாதி என்று சொல்லிக்கொண்ட சிலர், மற்றவர் குளித்த நீர் தங்கள்மீது படலாகாதென்று ஊற்றுக்கண்ணுக்கருகில் போய் உட்காருவார்களாம். அங்கேதான் சூடு அதிகம்! உடம்பு வெந்து கீழே ஓடி வந்து, எல்லோரும் குளிக்குமிடத்திலேயே அவர்களும் குளித்தார்களாம். மனிதன் வைத்த வரிசையை அந்தத் தண்ணீர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தகைய நீரைக் கொண்டுபோய் மறுபடியும் பூசாரியின் கையில் ஒப்படைக்கின்றோமே, அதுதான் வெட்கக்கேடு.

இனி, பூசாரியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் நாம் பாதி உண்மையே சொன்னவர்களாவோம். அந்தப் பாட்டியார் ஏன் பூசாரியிடம் போனார்? அதையும் கேட்கவேண்டுமல்லவா?

1877இல் ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பின்னர் இந்த மாநிலம் முழுவதும் கித்தாக் காடாயிற்று. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கட்டிக்கொண்டு வந்தனர். 1938இல் இந்திய சர்க்கார் கூலியாட்களை உதவிப்பணத்தில் அனுப்புவதைத் தடுத்து நிறுத்தும் வரை அந்த ஏற்றுமதி நடந்தது. தோட்டத்தில் கூலி குறைவு, கள்ளுக்கடை உண்டு, கிராணியின் அதட்டல் உண்டு. ஆனாலும் தலைக்குமேல் ஒரு கூரையும், காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்க டிரெஸ்ஸர் ஒருவரும் இருந்தனர். பின்னர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தபோது கிந்தாவின் சுரங்கங்களும் ஓய்ந்தன. தோட்டத்து வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை போனபோது வீடும் போயிற்று. டிரெஸ்ஸரும் போனார். எஞ்சியது நோயும், நோய்க்கு ஆறுதல் சொல்லும் கோயிலும்தான்.

அரசாங்கச் சிகிச்சை நிலையத்தில் இந்நாட்டுக் குடிமகன் வெளிநோயாளியாகப் போனால் கட்டணம் ஒரு வெள்ளி. ஊற்றுக்குப் போகும் வேன் கூலியும் நுழைவுச் சீட்டும் அதைப்போல் எத்தனை மடங்கு! ஆயினும் பாட்டியார் ஊற்றுக்குத்தான் போனார். ஏன்? ஊற்றுக்கு வேன் வாசலுக்கு வருகின்றது. சிகிச்சை நிலையத்துக்கு பஸ் இல்லை. ஊற்றில் தமிழில் பேசுகின்றார்கள். சிகிச்சை நிலையத்தில் கொடுத்த தாளில் எழுதியிருப்பது அவருக்குப் படிக்கத் தெரியாத மொழி. ஊற்றில் கூட்டமும் பாட்டும் உண்டு. சிகிச்சை நிலையத்தில் தனியே வரிசையில் உட்கார வேண்டும். ஆகவே மூடநம்பிக்கையை வளர்ப்பது மூடத்தனம் மட்டுமல்ல. நாம் செய்யவேண்டிய கடமையைச் செய்யாத இடத்தில்தான் அது வந்து குடியேறுகின்றது. பூசாரியைத் திட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுகின்ற படித்தவர்களுக்கு இதைச் சொல்லுகின்றோம்.

நுழைவுச் சீட்டு என்றோம். அதைப்பற்றியும் ஒரு வார்த்தை. தம்பூனின் ஊற்றுநீர் இன்று 2004இல் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்காவுக்குள்ளும், செல்வர்கள் தங்கும் விடுதிக்குள்ளும் ஓடுகின்றது. வியாபாரிகள் வியாபாரம் செய்வதில் ஆச்சரியமில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: மாநிலத்திலுள்ள ஊற்றுகளில் சர்க்கார் நிலத்திலுள்ள சிலவற்றையாவது, காசில்லாதவனும் காலை நனைக்கும்படி பொதுச் சொத்தாக வைக்கலாகாதா?

ஊற்று பொதுச் சொத்தாக இல்லாமற் போனால் என்னவாகும் என்பதற்குக் கடலோர ஊராகிய திருகோணமலையைப் பாருங்கள். அந்நகருக்கு வடமேற்கே சில மைல் தொலைவில் கன்னியா என்னுமிடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கினான் என்பது கதை. கடலில் குளிக்கப் போகின்றவர்கள் இக்கிணறுகளையும் பார்த்து வருவது வழக்கம்; ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் இறந்தோருக்கு அந்தியேட்டி செய்து நீராடுவதும் வழக்கம். அந்த இடத்தின்மேல் தொல்லியலின் பெயராலும் மதத்தின் பெயராலும் உரிமை கொண்டாடும் முயற்சி எழுந்தது. 2019 ஜூலையில் மக்கள் எதிர்த்து நின்றனர், வழக்காயிற்று, அங்கு நடக்கவிருந்த கட்டுமானத்துக்கு மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதில் நம் அபிப்பிராயம் தெளிவானது. இராவணன் கதை பட்டாவாகாது. அதுபோலவே இடிந்த செங்கல்லும் பட்டாவாகாது. தலைமுறை தலைமுறையாக அங்கு வந்து தாயையும் தகப்பனையும் நினைத்து அழுத மக்களின் வழக்கமே அவர்களுடைய உரிமை. அதிகாரத்தைக் கொண்டு அதைப் பறிப்பது அநீதி. ஆனால் கதையைக் காட்டி உரிமை கேட்டால், எதிரியும் ஒரு கதையோடு வருவான், வந்தான். பொதுமக்களுக்குப் பொதுவானது என்று கேட்பதே உறுதியான கோரிக்கை.

நல்ல உதாரணமும் உண்டு. அது நமக்கு அருகிலேயே இருக்கின்றது. சிங்கப்பூரின் வடபகுதியில், செம்பவாங் என்னுமிடத்தில் ஒரு வெந்நீரூற்று 1909இல் கண்டறியப்பட்டது. 1921இல் ஒரு பானக் கம்பெனி அதனை வாங்கி நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. ஜப்பானியர் வந்தபோது தங்கள் ராணுவத்தாருக்குக் குளிப்பிடம் கட்டினர். பிறகு அது ராணுவ நிலத்துக்குள் அடைபட்டது. பொதுமக்கள் குரல் எழுப்பினர். 2002இல் கதவு திறந்தது. 2020 ஜனவரியில் பூங்காவாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 70 பாகைச் சூட்டில் வரும் நீரைப் படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறவிட்டு, கால் வைக்கும் பதத்துக்குக் கொண்டுவருகின்றார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கம்பெனிக்கும் படைக்கும் பயன்பட்ட நீர் கடைசியில் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஈப்போவில் இது ஏன் நடக்கக்கூடாது?

இனி, நம்மை மறுப்பவர்கள் சொல்லக்கூடியவற்றையும் கேட்போம்.

"பிறர் நம்பிக்கையைப் புண்படுத்தலாமா?" என்பார்கள். நம்பிக்கை புண்பட்டால் ஆறிவிடும். கால் புண்பட்டால், இனிப்பு நீர் வியாதிக்காரருக்கு, எளிதில் ஆறாது. எதைக் காப்பாற்றுவது என்பதை அவர்களே சொல்லட்டும். கும்பிடுகின்றவர் கும்பிடட்டும், மாத்திரையைத் தின்றுவிட்டுக் கும்பிடட்டும் என்பதுதான் நம் வேண்டுகோள்.

"இயற்கை வைத்தியம் இழிவானதா?" என்பார்கள். இழிவென்று நாம் சொல்லவில்லை. எந்த வைத்தியமானாலும் அதன் அளவு, பத்தியம், ஆகாதவர் யார் என்பவை சொல்லப்படவேண்டும். இவை ஒன்றும் சொல்லாமல் எல்லா வியாதிக்கும் எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது வைத்தியமல்ல, ஏமாற்று.

"கட்டணம் இல்லாவிட்டால் குப்பை சேருமே" என்பார்கள். சேர்ந்தால் அது ஊராட்சியின் குற்றமும் நம் பழக்கத்தின் குற்றமுமாகும். நம் ஜனங்கள் எச்சில் இலையை எறிந்த இடத்திலேயே விட்டுவருவதையும் நாம் கண்டிருக்கின்றோம். பொதுச் சொத்து கேட்கின்றவனுக்குப் பொதுப் பொறுப்பும் உண்டென்பதை மறக்கலாகாது.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. ஒவ்வோர் ஊற்றிலும் ஒவ்வொரு தொட்டியின் சூடும் பாகைக் கணக்கில் எழுதி வைக்கப்படவேண்டும். மலாய், சீனத்தோடு தமிழிலும் எழுதப்படவேண்டும். இனிப்பு நீர் வியாதி உள்ளவர், கால் மரத்தவர், இருதய நோயாளிகள், கருவுற்றவர் ஆகியோர் டாக்டரைக் கேளாமல் இறங்கலாகாது என்று பெரிய எழுத்தில் அறிவிக்கப்படவேண்டும். சர்க்கார் நிலத்து ஊற்றுகளில் இலவசப் பொதுத் தொட்டி ஒன்றாவது இருக்கவேண்டும்.

இவை சர்க்கார் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் கோயில் கமிட்டிகளும் மன்றங்களும் எத்தனை இருக்கின்றன! திருவிழாவுக்கு வேன் பிடிக்கின்றவர்கள், மாதம் ஒரு முறை பழைய தோட்டத்துப் பெரியவர்களைச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துப் போக ஒரு வேன் பிடிக்கட்டும். தமிழ் தெரிந்த இளைஞர் ஒருவர் கூடப் போய் டாக்டர் சொல்வதை எடுத்துச் சொல்லட்டும். திரும்பும் வழியில் வேண்டுமானால் ஊற்றிலும் நிறுத்தட்டும். அதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை.

இது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால் வெட்டிய கைகள் தவணை தவணையாகக் கொடுத்த பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. ஆத்தாள் இறங்கி வந்து வாங்கிக் கொடுக்கவில்லை. ஒன்று சேர்ந்தவர்கள் வாங்கினார்கள். தோட்டத்தையே வாங்கிய சமூகத்துக்கு மாதம் ஒரு வேன் பிடிக்க முடியாதா?

அந்தப் பாட்டியார் இப்போது மூன்று விரலோடு நடக்கின்றார். மாத்திரையை மறுபடியும் சாப்பிடுகின்றார். சென்ற மாதம் பார்த்தபோது, "ஏழு வெள்ளி முடிக்காமல் விட்டதனால்தான் இப்படி ஆயிற்றென்று பூசாரி சொல்லுகின்றார், தம்பி, நீங்கள் என்ன சொல்லுகின்றீர்கள்?" என்று கேட்டார். நாம் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கின்றோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கின்றவர்கள், தங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள அத்தகைய பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாக.